பச்சைப்புல் காணாத குதிரை: 90 ஆயிரம் ரூபாய் விட்டபின் நான் தெரிந்துகொண்டது

2023 மாசி மாதம், ஒரு விடியற்காலை. தறிக்கூடத்திலிருந்து வந்து லாயத்துக் கதவைத் திறந்தேன். எங்கள் குதிரை வெல்லம் நான்கு கால்களையும் வயிற்றுக்கு அடியில் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். சர்க்கஸில் யானையைச் சின்ன முக்காலிமேல் ஏற்றி நிறுத்துவார்களே, அந்த மாதிரி. தலை முட்டி உயரத்துக்குத் தொங்கிக் கிடந்தது. முன்னங்கால் மேற்சதை, ஈ மொய்த்தால் தோல் துடிக்குமே அப்படி, நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. ஈ ஒன்றும் இல்லை. தீவனத் தொட்டியை வைத்ததும் வழக்கம்போல ஆவலாகத் தின்றாள். பசி இருக்கிறது, காய்ச்சல் இல்லை, சாணம் சரியாகத்தான் போடுகிறாள். ஆனால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சதை வற்றி, கை வைத்தால் கூரை முகடு மாதிரி இருந்தது. அன்றைக்கு இராத்திரி தமிழில் தேடித்தேடிப் பார்த்தேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் பக்கம் பக்கமாக இருக்கிறது. குதிரைக்கு என்று தேடினால் கொள்ளு ரசம் வைப்பது எப்படி என்றுதான் வருகிறது. அதனால்தான், பச்சைப்புல் இல்லாமல் வைட்டமின் ஈ குறைந்துபோன குதிரையின் கதையாக இதை எழுதுகிறேன்.

வெல்லம் எங்களிடம் வந்தது 2021 ஜூன் மாதம். குதிரை ஆசை எனக்கு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் தொற்றியது. திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்லும் சந்தை அது. அங்கே வாங்க தைரியம் வரவில்லை. அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஏழு வயது செவலைப் பெட்டை ஒன்று 1,40,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்கலாம் என்று கணக்கு. நிறத்தைப் பார்த்து மகள்தான் வெல்லம் என்று பேர் வைத்தாள். பந்தயக் காகிதத்தில் இருந்த நீளமான பேர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. பல்லடத்துக்கு வெளியே தறிக்கூடத்தை ஒட்டிய பத்து சென்ட் இடத்தில் லாயம் போட்டேன். தகரக் கூரை, அடியில் ரப்பர் பாய், மின்விசிறி, கொசுவலை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "மனுசங்க வீட்டவிட நல்லா வெச்சிருக்கீங்க" என்றார்கள். அந்தப் பாராட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு வருடம் கழித்து யோசித்தால், அந்தப் பத்து சென்டில் ஒரு புல் முளைக்க இடம் விட்டிருக்கவில்லை.

தீவனத்தில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஒரு நாளைக்கு மூன்று கிலோ கோதுமைத் தவிடு, இரண்டு கிலோ வேகவைத்த கொள்ளு, சாயங்காலம் ஒரு அச்சு வெல்லம், மீதி நேரமெல்லாம் சோளத்தட்டு. தட்டு ஊரில் எங்கள் தோட்டத்துப் போரிலிருந்து வந்தது. முந்தின வருடத்துத் தட்டு, சில சமயம் அதற்கும் முந்தினது. காய்ந்து சலசலவென்று இருக்கும், பூஞ்சணம் கிடையாது, எனவே நல்ல தட்டு என்று நினைத்தேன். உடம்பு பளபளக்க ஒரு சத்து மாவு டப்பாவும் வாங்கினேன். குதிரைப் படம் போட்டது, 2,800 ரூபாய், மாதம் ஒன்று. பதினான்கு மாதம் கொடுத்தேன். பெருக்கிப் பார்த்தால் 39,200.

எங்கள் லாயத்துக்கு இரண்டு வீடு தள்ளி, பழைய வண்டிக்காரப் பெரியவர் ஒருவர் மட்டக்குதிரை வைத்திருக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவார். அதற்குத் தவிடு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தினமும் மத்தியானத்துக்கு மேல் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையில் கட்டிவிட்டு வந்துவிடுவார், இருட்டுகிற வரைக்கும் அது மேயும். வெல்லம் வந்த புதிதில் என்னிடம் சொன்னார்: "வாய்க்கா மேட்டுக்கு ஓட்டியா கண்ணு, ரெண்டு வாய் புல்லுத் திங்கட்டும்." நான் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, ஓட்டிக்கொண்டு போகவில்லை. பந்தயக் குதிரை, வாய்க்கால் கரையில் புழுத் தொற்றும், கண்ணாடிச் சில்லு கிடக்கும் என்று பயம். கௌரவமும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

2022 தீபாவளி வாக்கில்தான் முதுகுச் சதை குறைவது தெரிந்தது. மகள் "சேணம் வழுக்குதுப்பா" என்றாள். அதிலிருந்து ஆரம்பித்தது ஆளாளுக்கு ஒரு வைத்தியம். குதிரைக்காரத் தம்பி கொள்ளு சூடு என்றான், பாதியாகக் குறைத்தோம். இன்னும் இளைத்தாள். பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்தோம். பல் ராவ வெளியூரிலிருந்து ஆள் வந்தார், 8,000 ரூபாய். சேணம் பொருந்தவில்லை என்று ஒருவர் சொல்லப் புதுச் சேணமும் முதுகுப் பிடித்துவிடும் வைத்தியமுமாக 32,000. ஒரு மருத்துவர் சர்ரா என்கிற இரத்த நோயாக இருக்கலாம் என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார், இல்லை. அதைப் பார்த்தது சரியான காரியம்தான். நம் பக்கத்தில் குதிரை இளைத்தால் உண்ணி, ஈ கடித்து வரும் இரத்த நோய்களை முதலில் விலக்கத்தான் வேண்டும். அதே பரிசோதனையில் தசை நொதி அளவு கொஞ்சம் கூடியிருந்தது. "சவாரி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார். சவாரியே ஒரு மாதமாக இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல்தான் கோபம் வருகிறது. மருத்துவரிடம் கூச்சப்படாதீர்கள். அவருக்கு நம் லாயத்தில் நடப்பது நாம் சொன்னால்தான் தெரியும்.

மாசியில் நடுக்கம் ஆரம்பித்தபோது, வைட்டமின் ஈயும் செலினியமும் சேர்ந்த ஊசியை வாரம் ஒன்றாக எட்டு வாரம் போட்டார்கள். போக்குவரத்தோடு 12,000. ஊசி போட்ட இரண்டு நாள் கொஞ்சம் தெளிவாக இருப்பதுபோல எனக்குத் தோன்றும். ஆசைதான். பாதி நேரம் படுத்தே கிடந்தாள். குதிரை அவ்வளவு நேரம் படுக்கிற பிராணி இல்லை. விநோதம் என்னவென்றால், கயிற்றைப் பிடித்து நடக்க வைத்தால் ஓரளவு ஒழுங்காக நடப்பாள். நிற்க வைத்தால்தான் பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி நடுங்குவாள். நடக்கிறாளே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று அதையும் தப்பாகப் புரிந்துகொண்டோம். வெகுநேரம் நிற்பதற்கு உழைக்கிற தசைகள்தான் இந்த நோயில் முதலில் அடிவாங்கும் என்பது அப்புறம் தெரிந்தது. எனவே உங்கள் குதிரை நன்றாகத் தின்றும் இளைத்து, நடப்பதைவிட நிற்பதற்குச் சிரமப்பட்டால், அங்கேயே சந்தேகப்படுங்கள்.

பல்லடத்தில் கோழிக்கு மருத்துவம் பார்க்கத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். குதிரை தெரிந்தவரைத் தேட எனக்கு ஜூன் வரைக்கும் ஆனது. கடைசியில் கிடைத்தவர் கால்நடைக் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற பெரியவர். வந்தவர் குதிரையைத் தொடவே இல்லை. லாயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். போரிலிருந்து ஒரு தட்டை உருவி மூக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, இது கடைசியா பச்சப்புல்லுல வாய வெச்சது எப்போங்க?" நான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க உள்ளங்கை வேர்த்தது. எங்களிடம் வந்து இரண்டு வருடம். அதற்கு முன்னால் பந்தய லாயத்தில் இருந்த காலம் எப்படியோ. "இல்லீங்க சார்" என்றேன். "இல்லைன்னா?" "ஒரு நாளும் இல்லீங்க."

சத்து மாவு டப்பாவை எடுத்து வரச் சொன்னார். பேனாவை எடுத்து, ஒட்டியிருந்த சீட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். வைட்டமின் சி, இதைக் குதிரை தன் ஈரலிலேயே செய்துகொள்ளும், அடி. பி வகைகள், நார்த்தீவனம் ஒழுங்காகத் தின்கிற குதிரைக்குப் பெருங்குடலில் இருக்கிற நுண்ணுயிர்களே பெரும்பாலும் கொடுத்துவிடும், அடி. இரும்பு, புல்லிலும் தட்டிலும் போதும் போதும் என்று கிடக்கிறது, அடி. வைட்டமின் ஏ, பச்சைப்புல்லில் இருக்கிற கரோட்டினிலிருந்து குதிரை செய்துகொள்ளும், பச்சை இருக்கும்போது ஈரலில் சேர்த்தும் வைக்கும், வருடக்கணக்கில் பச்சையே இல்லாத குதிரைக்கு இது தேவைதான், ஆனால் அளவு மீறினால் விஷம். கடைசியில் வைட்டமின் ஈ என்ற வரிக்கு வந்து நின்றார். ஒரு கிலோவுக்கு 1,000 யூனிட். "எவ்வளவு போடறீங்க?" ஒரு கரண்டி, 50 கிராம். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 50 யூனிட். வெல்லம் கிட்டத்தட்ட 450 கிலோ. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் வீதம், சும்மா நிற்கிற குதிரைக்கே 450லிருந்து 900 வரை வேண்டும். சீட்டில் 1,000 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியாகப் பதினான்கு மாதம் இருந்திருக்கிறேன். தறிக்கணக்கில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிறவன் நான். டப்பா வாங்குகிறவர்கள் தயவுசெய்து கிலோவுக்கு எவ்வளவு என்பதைப் பார்க்காதீர்கள், நீங்கள் போடுகிற கரண்டிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

அவர் சொன்ன விளக்கத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். வைட்டமின் ஈயைக் குதிரையால் உடம்பில் செய்துகொள்ள முடியாது. வாய் வழியாக வந்தால்தான் உண்டு. வளர்கிற பச்சைப்புல்லில் அது தாராளமாக இருக்கிறது, நல்ல மேய்ச்சலில் இருக்கிற குதிரைக்குத் தேவைக்கு மேலேயே கிடைத்துவிடும். அறுத்து வெயிலில் காயப்போட்டதும் பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்சம் இருப்பதும் போரில் கிடக்கக் கிடக்கக் கரைகிறது. நம் தட்டு முற்றிக் காய்ந்தபின் அறுப்பது, அதுவும் வருடம் கடந்தது. அதில் வயிறு நிரம்பும், அவ்வளவுதான். கொள்ளும் தவிடும் இந்தக் குறையை ஈடுகட்டாது. தசையிலும் நரம்பிலும் தினசரி உண்டாகிற தேய்மானக் கழிவு உயிரணுவை அரிக்காமல் தடுப்பதுதான் இந்த வைட்டமினின் வேலை. அது இல்லாமல் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் போனால் சில குதிரைகளுக்குத் தசைகளை இயக்கும் நரம்பணுக்களே சாக ஆரம்பிக்கும். இந்த நரம்பு நோயை 1990இல்தான் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் முதலில் விவரித்திருக்கிறார்கள். அங்கேயும் மாட்டியவை மேய்ச்சல் இல்லாமல் கொட்டடியில் காய்ந்த புல் தின்று வளர்ந்த குதிரைகள்தான். நரம்பு கெடாமல் தசை மட்டும் பழுதாகிற இன்னொரு வகையும் உண்டு, அது மருந்து கொடுத்தால் திரும்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாலடித் தசையில் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்தால் பிரித்துச் சொல்லலாம். நம் ஊரில் அதற்கு அலைவதைவிட இரத்தத்தைப் பார்த்துவிட்டு மருந்தை ஆரம்பிக்கலாம் என்றார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நரம்பு வகையில் விழித்திரையில் பழுப்பாகப் படிவு தெரியுமாம், வெல்லத்துக்குத் தெரியவில்லை. அதற்காக நிச்சயம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது என்று அதையும் சேர்த்தே சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இரத்தப் பரிசோதனை ஒரு தனிக்கதை. குதிரைக்கென்று வைட்டமின் ஈ பார்க்கிற இடம் பக்கத்தில் இல்லை. மனிதர்களுக்குப் பார்க்கிற ஆய்வகத்துக்குத்தான் கோயம்புத்தூர் வழியாக அனுப்பினோம், 2,500 ரூபாய். இந்த வைட்டமின் வெளிச்சத்திலும் சூட்டிலும் கெட்டுவிடும் என்பதால் குழாயை அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, சாய்க்காமல் கொண்டுபோகச் சொன்னார். இரத்தம் ரப்பர் மூடியில் பட்டாலே அளவு குறைத்துக் காட்டுமாம். நான் பேருந்தில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சோறு கொண்டுபோகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அறிக்கையில் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் என்று வந்தது. பக்கத்தில் சரியான அளவு என்று ஏதோ 5க்கு மேல் அச்சடித்திருந்தார்கள். அது மனிதர் கணக்கு, அதைப் பார்த்துப் பதறவேண்டாம். ஆரோக்கியமான குதிரைக்கே 2 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். 1.5க்குக் கீழே போனால் குறைபாடு. அதே மாதிரி, அளவு குறைந்த எல்லாக் குதிரைக்கும் நோய் வந்துவிடுவதும் இல்லை. ஒரு குதிரை தாங்கும், இன்னொன்று தாங்காது. மட்டக்குதிரைப் பெரியவரிடம் கேட்டு அதன் இரத்தத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தேன், என் செலவில். 2.7. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மருந்து என்ன என்றால் அதே வைட்டமின் ஈதான், ஆனால் ஒரு நாளைக்கு 5,000 யூனிட். இங்கேதான் பலரும் ஏமாறுகிற இடம், நானும் ஏமாந்தேன். வெல்லத்துக்குப் போட்ட ஊசி பாட்டிலில் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் என்று இருந்தது. வாரத்துக்குப் பத்து மில்லி என்றால் 500, அதாவது இப்போது ஒரு நாளைக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கை ஒரு வாரத்துக்குப் போட்டிருக்கிறோம். வைட்டமினைக் கூட்டலாம் என்று அந்த ஊசியையே அதிகமாகப் போட்டால் செலினியம் ஏறிவிடும். செலினியம் குதிரைக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும். கூடினால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும், குளம்பு வெடிக்கும், இன்னும் கூடினால் உயிரே போகும். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் போலோ போட்டிக்கு வந்த 21 குதிரைகள், கலவை பிசகி செலினியம் கூடிப்போன சத்து ஊசியால் ஒரே சமயத்தில் செத்திருக்கின்றன. அதைப் படித்த அன்று எட்டு ஊசிக்கும் நான் தலையைப் பிடித்துக்கொடுத்தது நினைவுக்கு வந்து தூக்கம் போச்சு.

வைட்டமின் ஈயிலும் இரண்டு தினுசு இருக்கிறது. செயற்கையாகச் செய்வது எட்டு வடிவங்களின் கலவை, அதில் ஒன்றுதான் இயற்கையில் இருக்கிற வடிவம். இயற்கை வடிவம்தான் குதிரையின் இரத்தத்தில் நன்றாகச் சேர்கிறது, அதிலும் தண்ணீரில் கரைகிற மாதிரி செய்த திரவம் சீக்கிரம் ஏறுகிறது. அது இங்கே எளிதில் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிற மச்சான் மூலமாக வரவழைத்தேன். ஒரு பாட்டில் 12,000 ரூபாய், ஒன்றரை மாதம் வந்தது. இரண்டே வாரத்தில் இரத்த அளவு 2.4 ஆனது. மூன்றாவது மாதம் பாட்டில் வரத் தாமதம் ஆனபோது, மருந்துக்கடையில் கிடைக்கிற பச்சைக் கேப்ஸ்யூலை, பெண்கள் முகத்தில் தடவிக்கொள்வார்களே அதைத்தான், நாளைக்குப் பன்னிரண்டு வெட்டிப் பிழிந்து எண்ணெயோடு கலந்து கொடுத்தேன். மனைவியும் மகளும் ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார்கள். அது செயற்கை வகை. மூன்று வாரத்தில் அளவு 1.6க்கு இறங்கிவிட்டது. உடம்பு கெடாத குதிரைக்கு அன்றாடத் தேவைக்குச் செயற்கை வகை ஒருவாறு உதவலாம், நோயில் விழுந்ததைத் தூக்க அதை நம்பவேண்டாம் என்பது என் அனுபவம். எதுவானாலும் தீவனத்தோடு கொடுக்கவேண்டும், கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் குடல் உறிஞ்சும். அதற்காக இளைத்த குதிரை தேறட்டும் என்று எண்ணெயை மட்டும் ஊற்றிக்கொண்டே போகாதீர்கள், எண்ணெய் கூடக்கூட வைட்டமின் ஈ தேவையும் கூடும்.

இன்னொன்று, கோழிப்பண்ணை இருக்கிற ஊர்க்காரர்களுக்காக. கோழி மருந்துக் கடையில் வைட்டமின் ஈ பொடி மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு நண்பர் வாங்கி வந்தார். சீட்டைப் படித்தால் அதிலும் செலினியம். அதைவிட மோசமானது கோழித்தீவனம். இரத்தக்கழிச்சல் வராமல் இருக்க அதில் மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகளைக் கலப்பார்கள். கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரைக்குக் கொஞ்சம் போனாலும் இதயத் தசையை முறித்துக் கொன்றுவிடும். கோழித்தீவனம் அரைத்த இயந்திரத்தில் குதிரைக்குக் கம்பு அரைத்தாலும் ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். வெல்லத்தின் கொள்ளை நான் எந்த அரவையில் உடைத்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்து அன்றைக்கே இடத்தை மாற்றினேன்.

தவிட்டையும் நிறுத்தச் சொன்னார். வைட்டமினுக்கும் அதற்கும் நேர் சம்பந்தம் இல்லை, ஆனால் அடுத்த கண்டம் அங்கேதான் காத்திருந்திருக்கிறது. கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைப்போலக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைக்கு சுண்ணாம்பு குறைந்தது சமமாகவாவது, முடிந்தால் ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும். தலைகீழாகப் போனால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவி இரத்தத்துக்குக் கொடுக்கும், முகத்தெலும்பு வீங்கித் தலை பெரிதாகும். மாவு மில்லில் வளர்ந்த குதிரைகளுக்கு வந்ததால் மேல்நாட்டில் மில்காரன் நோய் என்றே இதற்கு ஒரு பழைய பேர். தவிட்டுக்குப் பதிலாகக் குதிரைமசால் சேர்த்தோம். பேரிலேயே குதிரை இருக்கிற தீவனம், அதை நான் மாட்டுக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

பச்சைக்கு என்ன செய்வது? பக்கத்தில் ஒரு பால்பண்ணைக்காரர் கோ 4 தீவனப்புல் தருகிறேன் என்றார். ஓங்கி வளர்கிற அந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு விடாது, மாடு தாங்கும், குதிரை தாங்காது. அதையே முழுத் தீவனமாக்க வேண்டாம் என்று மருத்துவர் தடுத்தார். இளம் சோளப்பயிரைப் பச்சையாக அறுத்துப் போடவும் கூடாது, குதிரைக்கு மூத்திரப்பையும் பின்னங்காலும் பாதிக்கும். அதனால் ஜூனிலிருந்து தினமும் தென்னந்தோப்பு வரப்பில் அருகம்புல் அறுத்து வந்தோம். கோணிப்பையில் அடைத்து வைத்தால் சூடேறிவிடும், அறுத்த கையோடு போட்டுவிடுவோம். கொஞ்சம் நடக்கத் தெம்பு வந்ததும் சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் மட்டக்குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டினேன், முதல் வாரம் பதினைந்து பதினைந்து நிமிடம்தான். பழகாத குடலுக்குத் திடீரென்று பச்சையைத் திணித்தால் வயிற்றுவலி வரும். பெரியவர் ஒன்றுமே சொல்லவில்லை. துண்டால் தரையைத் தட்டி, உட்காரு கண்ணு என்றார்.

ஐப்பசி மழை பெய்ததும் தாராபுரம் பக்கம் நான்கு ஏக்கர் கொறங்காடு ஒன்றை வருடக் குத்தகைக்குப் பிடித்தேன், 20,000 ரூபாய். காங்கயம் மாடு மேய்கிற அதே காடுதான், சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். இந்தப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு. ஆகவே தீவனத்தோடு சுண்ணாம்புச் சத்துப் பொடியும் குதிரைமசாலும் தொடர்கிறது. கிளுவை முள் கீறியது, உண்ணி ஏறியது, எல்லாம் நடந்தது. ஆனால் தை மாதம் எடுத்த இரத்தத்தில், பாட்டிலை நிறுத்தி ஆறு வாரம் கழித்தும், 2.3 இருந்தது. நடுக்கம் மருந்து ஆரம்பித்த ஐந்தாவது மாதத்தில் நின்றது. முதுகுச் சதை நிரம்ப ஒரு வருடம் ஆகிவிட்டது, வலது பக்கம் இன்னும் கொஞ்சம் பள்ளம்தான்.

வீண் செலவை மட்டும் கூட்டினால் சத்து மாவு, பல், சேணம், ஊசி எல்லாம் சேர்ந்து 91,200. இதைப் பார்த்துவிட்டு மனைவி இரண்டு நாள் பேசவில்லை. நடுவில் ஒரு தரகர் வந்து 15,000 தருகிறேன், ஏற்றிவிடுங்கள் என்றார். எங்கே கொண்டுபோவார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதினைந்தாயிரத்துக்கு நான் ஒரு நிமிடம் தடுமாறினேன் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது கோடை. காட்டில் புல் நின்றவாக்கில் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. மேய்ச்சலில் இருக்கிறாள் என்று நான் நிம்மதியாக இருக்க முடியாது, காய்ந்த புல் காட்டில் நின்றாலும் காய்ந்த புல்தான். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் ஒரு நாளைக்கு 1,000 யூனிட் திரும்ப ஆரம்பித்திருக்கிறோம், பாட்டில் குளிர்பெட்டியில் மோர்மிளகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சவாரிக்கு மருத்துவர் இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை. மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறாள், வெல்லம் இரண்டடிக்கு ஒரு தடவை நின்று, வேலி நிழலில் எங்கேயாவது ஒரு பச்சைத் தளிர் மிச்சம் இருக்கிறதா என்று கிளுவை முள்ளுக்குள் மூக்கை விட்டுத் தேடுகிறாள்.